கலியபெருமாளின் கல்

என் பணி ஓய்வு வழியனுப்பு விழாவில் நீங்கள் போர்த்திய சால்வை நன்றாகத்தான் இருந்தது. என்னைப் பேசச் சொல்லிவிட்டு, ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே "சார், சாப்பாடு ஆறிடும்" என்று மைக்கை வாங்கிக்கொண்டதுதான் அவ்வளவு நன்றாக இல்லை. பிரியாணிக்கு முன்னால் எந்த அனுபவமும் நிற்காது என்பது எனக்கும் தெரியும். அதனால் அங்கே சொல்ல வந்ததை இங்கே எழுதுகிறேன். இதற்கு மைக் தேவையில்லை, உங்களால் பிடுங்கவும் முடியாது.

உங்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. நான் இந்தச் சிறுநீரகத் துறைக்கு வந்த காலத்தில் புராஸ்டேட் புற்றுநோயைக் கண்டுபிடிக்க முதல் கருவி எங்கள் விரல்தான். இன்றைக்கு ஒரு ஸ்கேன் எடுத்தால், அந்த நோய் எந்த எலும்பில் போய் ஒளிந்திருக்கிறது என்பது விளக்குப் போட்ட மாதிரி தெரிகிறது. சிறுநீரகத்தில் கட்டி என்றால் நாங்கள் சிறுநீரகத்தையே எடுத்துக் கையில் கொடுத்துவிடுவோம். நீங்கள் கட்டியை மட்டும் நோகாமல் எடுத்துவிட்டு மிச்சத்தை உள்ளேயே விட்டுவிடுகிறீர்கள். சிறுநீரைக் குப்பியில் பிடித்து அனுப்பினால் அதிலுள்ள மரபணுவைப் படித்துச் சொல்ல ஆள் இருக்கிறது. தூங்கிக்கொண்டிருக்கும் நோய் எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்பிக் கட்டியின் மேல் ஏவிவிடும் மருந்துகள் வந்துவிட்டன. சென்னையில் நட்சத்திர ஓட்டலில் நடந்த கருத்தரங்கில் இதையெல்லாம் வண்ணப் படங்களாகப் பார்த்தேன், குளிர்சாதனம் அதிகமாக இருந்ததால் அங்கே கொடுத்த சால்வையையும் போர்த்திக்கொண்டேன்.

இத்தனை முன்னேற்றத்துக்கும் ஒரே ஒரு நிபந்தனைதான். நோயாளி வந்து படுக்க வேண்டும். அதற்கான ஆராய்ச்சி இன்னும் எங்கும் தொடங்கியதாகத் தெரியவில்லை.

பெரம்பலூர், அரியலூர் பக்கத்தில் படுக்க வைப்பது ஏன் கஷ்டம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்களில் பாதிப் பேர் வெளியூர். இது சுண்ணாம்புக்கல் பூமி. நிலத்தைத் தோண்டினால் சிமென்ட் ஆலைக்குக் கல், ஆளை ஸ்கேன் எடுத்தால் கிட்னியில் கல். இங்கத்துத் தண்ணீர்தான் காரணமா என்று விஞ்ஞானம் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறது. ஊர் எப்போதோ முடிவு செய்துவிட்டது. முதுகு வலித்தால் கல், வயிறு வலித்தால் கல், சிறுநீரில் ரத்தம் போனால் சந்தேகமே இல்லை, கல். வாழைத்தண்டுச் சாறு குடிப்பார்கள். ரத்தம் இரண்டு நாளில் தானாக நிற்கும். சாறு வென்றுவிடும். சிறுநீர்ப்பைப் புற்றுநோயின் ரத்தமும் அப்படித்தான், வலிக்காமல் வரும், சொல்லாமல் நிற்கும், பிறகு தன் வசதிக்கு மறுபடி வரும். இரண்டையும் ஊர் பிரித்துப் பார்ப்பதில்லை. பெரிய படிப்புப் படித்த நாமும் பல சமயம் பார்ப்பதில்லை. காரணம், ஸ்கேனில் உண்மையிலேயே ஒரு கல் இருக்கும். கல்லைக் கண்டதும் எல்லாருக்கும் நிம்மதி, தேடல் அத்தோடு முடிந்துவிடும்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த பேராசிரியருக்கு இதற்கு ஒரு பழக்கம் இருந்தது. பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. ரத்தம் போகிறது என்று வந்தவரின் படத்தைத் தூக்கிப் பிடித்து, அதில் தெரியும் கல்லைத் தன் கட்டை விரலால் மறைப்பார். "இப்ப இது இல்லை. ரத்தம் எங்கேயிருந்து வருது, சொல்லு" என்பார். நாங்கள் விழிப்போம். அவருக்கு விரல் பெரியது, சில சமயம் கிட்னியே மறைந்துவிடும். ஆனாலும் அந்த விரல் எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கிறது. இப்போது படம் கம்ப்யூட்டர் திரையில் வருகிறது. திரையிலும் விரல் வைக்கலாம், கறை படிந்தால் துடைத்துக்கொள்ளலாம்.

இனி கொளஞ்சியம்மாளைப் பற்றி.

உடையார்பாளையத்துக்குப் பக்கத்தில் முந்திரி வியாபாரம் செய்பவர். தோப்பில் கொட்டை வாங்கி, வீட்டிலேயே ஆள் வைத்து உடைத்து, பருப்பை ஜெயங்கொண்டம் கடைகளுக்குப் போடுவார். ஐம்பதைத் தாண்டிய வயது, கணவர் இல்லை, குரல் மட்டும் இரண்டு பேருக்கு உண்டானது. மகன் வேல்முருகனையும் அண்ணன் கலியபெருமாளையும் அழைத்துக்கொண்டு வந்தார். அழைத்துக்கொண்டு என்பது சரியான சொல், ஏனென்றால் அவர்கள் இருவரும் பின்னால் வந்தார்கள்.

"ஒரு வருஷமா ஒண்ணுக்குல ரத்தம் போவுதுங்க. வரும், நிக்கும். கல்லுதான். எங்க வூட்ல எல்லாருக்குமே கல்லு. இந்தாங்க படம். ஒடச்சு வுட்டுருங்க, நான் போவணும், கொட்டை வறுக்கப் போட்டுட்டு வந்திருக்கேன்."

இதற்கு முன்னால் இரண்டு இடத்தில் பார்த்திருந்தார்கள். ஓரிடத்தில் கர்ப்பப்பைக் கோளாறு என்று மருந்து கொடுத்திருந்தார்கள். இன்னோரிடத்தில் படம் எடுத்துக் கல் என்று சொல்லியிருந்தார்கள். படத்தில் கல் இருந்தது, பொய்யில்லை. சிறுநீரகத்தின் அடியில், ஒரு மிளகைவிடச் சின்னதாக, யாருக்கும் தொந்தரவு செய்யாமல் உட்கார்ந்திருந்தது. நான் கட்டை விரலை வைத்து மறைத்தேன். ரத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை.

"பைக்குள்ள ஒரு குழாய் விட்டுப் பாக்கணும்ங்கம்மா" என்றேன்.

"கல்லு மேல கிட்னியில இருக்குன்னு படத்துல போட்டிருக்கு. நீங்க எதுக்குக் கீழ பாக்குறீங்க?"

கருத்தரங்கில் இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை. புற்றுநோயாக இருக்கலாம் என்று அந்த இடத்தில் சொல்லியிருந்தால் அவர் எழுந்து போயிருப்பார், அது எனக்கு நன்றாகவே தெரியும். வறுக்கப் போட்ட கொட்டை அங்கே கருகிக்கொண்டிருந்தது. நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவரே வழி சொன்னார்.

"ஒருவேள அந்தக் கல்லு பைக்கு எறங்கியிருக்கும்னு சொல்றீங்களா?"

நான் தலையாட்டினேன். வாயைத் திறந்து எதுவும் சொல்லவில்லை, தலையை மட்டும் லேசாக ஆட்டினேன். பொய் சொல்லாத மருத்துவர் என்ற பெயரை இத்தனை வருடம் இப்படித்தான் காப்பாற்றி வைத்திருந்தேன்.

"அப்ப சரி. உள்ள என்ன இருந்தாலும் எடுத்துருங்க. கல்லை மட்டும் தூக்கிப் போட்டுறாதீங்க, நான் பாக்கணும்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்.

இதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் பக்கத்தில் வெளியே வந்த கல்லை யாரும் எறிவதில்லை. தீப்பெட்டியிலோ மாத்திரை டப்பாவிலோ பஞ்சு வைத்துப் பத்திரப்படுத்துவார்கள். உறவினர் வந்தால் காபிக்கு முன்னால் கல் வரும். யாருடையது பெரியது என்பதில் சம்பந்திகளுக்குள் மனஸ்தாபம் வந்ததைக்கூட நான் பார்த்திருக்கிறேன்.

மறுநாள் சிறுநீர்ப்பைக்குள் குழாய் விட்டுப் பார்த்தேன். கல் இல்லை. இடது பக்கச் சுவரில், குளத்துப் பாசி மாதிரி மெல்லிய விரல்களை ஆட்டிக்கொண்டு ஒரு கட்டி இருந்தது. சுரண்டி எடுத்தேன். முதுகில் ஊசி போட்டிருந்ததால் அவர் முழித்துக்கொண்டுதான் படுத்திருந்தார். திரைச்சீலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து "பெருசா இருக்கா?" என்று கேட்டார். மயக்க மருத்துவர் என்னைப் பார்த்தார். நான் காது கேட்காதவன் போல வேலையைப் பார்த்தேன்.

வெளியே வந்து மகனிடமும் அண்ணனிடமும் சொன்னேன். நம் வழக்கப்படி செய்தி முதலில் குடும்பத்துக்கு, பிறகு ஊருக்கு, ஏதாவது மிச்சமிருந்தால் நோயாளிக்கு.

வேல்முருகன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "சார், அந்த வியாதின்னு சொன்னா அம்மா தாங்காது சார். கல்லுன்னே சொல்லிருங்க. மத்ததை நாங்க பாத்துக்கறோம்."

"எதைப் பாத்துப்பீங்க? இதோட முடியாதுப்பா. திரும்பத் திரும்ப வரணும், மருந்து விடணும், உள்ள பாத்துக்கிட்டே இருக்கணும். கல்லு எடுத்தாச்சுன்னு நினைச்சா அவங்க வருவாங்களா?"

"சத்துக்கு மருந்துன்னு சொல்லிக் கூட்டியாந்துருவோம்ங்க" என்றார் கலியபெருமாள்.

நாளைக்குப் பேசலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். யோசிக்க அவர்களுக்கு ஒரு நாள் கொடுத்தது பெருந்தன்மை என்று நினைத்தேன். அவர்களும் யோசித்திருக்கிறார்கள்.

மறுநாள் காலை வார்டுக்குள் நுழையும்போது கொளஞ்சியம்மாள் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். குழாய் வழியாக இளஞ்சிவப்பாகச் சிறுநீர், கட்டிலில் தொங்கிய பிளாஸ்டிக் பையில் இறங்கிக்கொண்டிருந்தது. வேல்முருகன் ஒரு சின்ன மாத்திரை டப்பாவைத் திறந்து, பஞ்சின் மேல் வைத்த கல்லை அம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டிருந்தான். "இந்தா பாரும்மா, டாக்டரு எடுத்த கல்லு." கலியபெருமாள் ஜன்னல் வழியாக ரோட்டைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்கள்.

கொளஞ்சியம்மாள் கல்லை எடுத்தார். உள்ளங்கையில் உருட்டினார். வெளிச்சத்துக்குக் காட்டினார். வாழ்நாள் முழுக்க முந்திரிப்பருப்பைத் தரம் பிரித்த கை அது. ஆனால் இதைக் கண்டுபிடிக்க அந்தத் திறமை எதுவும் தேவைப்படவில்லை.

"இது எங்கண்ணன் கல்லுல்ல?"

வேல்முருகன் டப்பாவிலிருந்த பஞ்சைச் சரிசெய்தான்.

"நெருஞ்சிக்காயாட்டம் முள்ளு முள்ளா இருக்கும். ஒரு ஓரம் ஒடஞ்சிருக்கும். இந்தா ஒடஞ்சிருக்கு பாரு. பனங்கல்கண்டுன்னு நெனச்சு வாயில போட்டுக் கடிச்சது நீதாண்டா. அன்னிக்கு உன் பல்லு ஆடிப்போயி நான்தான் தூக்கிக்கிட்டு ஓடுனேன்." மகனின் முகத்தைப் பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பினார். "நீயுமாண்ணே?"

கலியபெருமாளின் பெருமை அந்தக் கல். வாழைத்தண்டுச் சாற்றால் மட்டுமே அதை வெளியேற்றினேன் என்று கல்யாண வீடுகளில் சொல்லுவாராம். தங்கைக்காக அதையே தாரை வார்த்திருக்கிறார். பாசத்தில் குறையில்லை. எல்லாரும் பார்த்த கல்லை எடுத்து வந்ததுதான் தப்பாகிவிட்டது.

அப்போதுதான் கொளஞ்சியம்மாள் என்னைப் பார்த்தார்.

"டாக்டரு, இது எங்கண்ணன் கல்லு. என்னுது எங்க?"

அவர் தலைக்குப் பின்னால் வேல்முருகன் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றான். என் அறையில் ஒரு கண்ணாடிக் குப்பி நிறைய கல் இருக்கிறது, உங்களுக்குத் தெரியும். ஆள் அனுப்பி ஒன்றை எடுத்துவரச் சொல்லி, இதுதான் உங்களுடையது, ஏதோ மாறிப்போச்சு என்று சொல்லியிருந்தால் அன்றைக்கு வார்டே மகிழ்ந்திருக்கும். அவர் சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருப்பார். அதன் பிறகு என்னிடம் வந்திருக்க மாட்டார். அடுத்த முறை ரத்தம் வரும்போது வாழைத்தண்டு வாங்கியிருப்பார். கட்டி சுவரைத் துளைத்துக்கொண்டு தசைக்குள் போன பிறகு யாராவது கூட்டி வந்திருப்பார்கள், அப்போது பையையே எடுக்க வேண்டியிருக்கும், அதுவும் முடிந்தால். எனக்குப் பயமாக இருந்தது.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"கல்லு இல்லீங்கம்மா. பைக்குள்ள ஒரு கட்டி இருந்துச்சு. எடுத்துட்டேன். பரிசோதனைக்கு அனுப்பியிருக்கேன். ஆனா என் கண்ணுக்கு அது நல்ல கட்டியாத் தெரியல."

"அந்த வியாதியா?"

"அதுவாத்தான் இருக்கும்."

அழவில்லை. நான் அழுகையை எதிர்பார்த்து, சொல்வதற்கு நாலு ஆறுதல் வார்த்தை தயாராக வைத்திருந்தேன். அவர் கல்லைப் பஞ்சில் வைத்து டப்பாவை மூடினார்.

"கல்லு எறங்கியிருக்குமான்னு நான் கேட்டப்ப தலையாட்டுனீங்களே?"

"ஆட்டுனேன். ஆட்டலைன்னா நீங்க படுத்திருக்க மாட்டீங்க."

"அது வாஸ்தவம்" என்றார். டப்பாவைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டு, "ஆனா இனிமே எனக்குத் தலையாட்டாதீங்க" என்றார்.

இந்த ஒரு வாக்கியத்துக்குச் சமமாக எந்த மருத்துவ நெறிமுறைப் பாடத்திலும் நான் படித்ததில்லை. படித்திருந்தாலும் மறந்திருப்பேன்.

பரிசோதனை முடிவு வந்தது. வீரியமான புற்றுநோய், நல்ல வேளையாகத் தசையைத் தொடவில்லை. பையைக் காப்பாற்றலாம். அதற்கான மருந்து எது என்று சொன்னபோது கொளஞ்சியம்மாள் சிரித்துவிட்டார். எனக்கும் ஒவ்வொரு முறையும் சிரிப்பு வரும். உலகம் முழுக்க ஆராய்ச்சிக்கூடங்களில் விளக்கு எரிகிறது, மரபணுவைப் பிரித்து மேய்கிறார்கள், ஆனாலும் இந்தக் கட்டத்தில் நாம் முதலில் கை நீட்டுவது, பிறந்த குழந்தையின் தோளில் காசநோய்க்காகப் போடுகிற அந்தத் தடுப்பு மருந்தைத்தான். உயிருள்ள, பலம் குறைக்கப்பட்ட கிருமி. குழாய் வழியாகப் பைக்குள் விட்டு, இரண்டு மணி நேரம் அடக்கி வைத்திருந்தால், உடம்பு கோபப்பட்டு மிச்சமிருக்கும் நோயைத் தாக்கும். கோபப்படுவதில் கொளஞ்சியம்மாளின் உடம்புக்குப் பயிற்சி தேவையிருக்காது என்று எனக்கு நம்பிக்கை இருந்தது.

விஞ்ஞானம் சரியாக வேலை செய்தது. சிக்கல் கழிப்பறையில் வந்தது. மருந்து விட்ட அன்றைக்கு, சிறுநீர் கழித்ததும் பிளீச்சிங் ஊற்றிச் சிறிது நேரம் கழித்துத்தான் தண்ணீர் விட வேண்டும். வீட்டில் பிளீச்சிங் வாடை அடித்தால் தெரு கேட்காமல் இருக்குமா? மாமியார் உடம்புக்குள் டி.பி. கிருமியை விட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்ட மருமகள் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். வேல்முருகன் போனில் அழுதான். "சார், மருந்தை நிறுத்திடலாமான்னு கேக்குது அம்மா. பேரனைப் பாக்காம இருக்க முடியலையாம்."

நான் நேரில் வரச் சொன்னேன். மருமகளையும் சேர்த்து. அவள் என் மேசைக்கு எதிரே, குழந்தையை மாமியாரிடமிருந்து எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் நோய் எதிர்ப்பு அறிவியலைத் தமிழில் விளக்க ஆரம்பித்தேன். எனக்கே புரியவில்லை.

கொளஞ்சியம்மாள் கையைக் காட்டி நிறுத்தினார். எழுந்து போய்க் குழந்தையின் சட்டையை விலக்கி, இடது தோளில் இருந்த சின்னத் தழும்பைத் தொட்டார்.

"இதைக் குத்தும்போது நீ இவனைத் தூக்கி வச்சிருந்தியா, கீழ போட்டியா?"

"தூக்கித்தான் வச்சிருந்தேன்."

"அதே மருந்துதாண்டி எனக்கும். இவனுக்குக் கையில, எனக்குக் கீழ. கக்கூஸை நானே கழுவிக்கிறேன். வூட்டுக்கு வா."

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டப் போனவன், நினைவு வந்து நிறுத்திக்கொண்டு, "ஆமாம்மா, கிட்டத்தட்ட அதேதான். குழந்தையை அவங்க தாராளமாத் தூக்கலாம்" என்று வாயைத் திறந்து சொன்னேன். அன்றைக்கே வீட்டுக்குப் போனாள். எனக்கு ஏற்பட்ட நிம்மதியை மறைக்க, மேசையில் இல்லாத பேனாவைத் தேடினேன்.

அதன் பிறகு ஒரு தவணையைக்கூட அவர் விடவில்லை. இதில் எனக்கு அதிகம் பங்கில்லை. எந்தக் கிழமை வசதி என்று நான் கேட்டபோது திங்கள் என்றார். சிறுவாச்சூர் காளி கோயிலில் திங்களும் வெள்ளியும்தான் நடை திறக்கும், பெரம்பலூர் வரை வந்தவருக்கு அது பக்கம். பைக்குள் பார்க்கும் பரிசோதனையை எல்லாருக்கும் திங்கட்கிழமையாக நான் மாற்றியது அதற்குப் பிறகுதான். வராமல் நின்றுபோகிறவர்கள் குறைந்தார்கள். நான் கருத்தரங்கில் இதைச் சொன்னேன். தலைமை தாங்கியவர் அடுத்த பேச்சாளரை அழைத்தார்.

இப்போது வளையும் குழாய் வந்துவிட்டது, முதுகில் ஊசி வேண்டாம், ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். முதல் பரிசோதனையில் நான் பையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மனதுக்குள் பெரிய மூச்சு விட்டு, "ஒண்ணும் இல்லீங்கம்மா, சுத்தமா இருக்கு" என்றேன்.

"இருங்க. அந்த டிவியை இந்தப் பக்கம் திருப்புங்க."

திருப்பினேன்.

"அது என்ன?"

"கிட்னியிலிருந்து சிறுநீர் வந்து விழற வாய்."

"கட்டி எங்க இருந்துச்சு?"

காட்டினேன். வெளுத்த ஒரு தழும்பு மட்டும் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னொரு சுத்து காட்டுங்க" என்றார். காட்டினேன். அதன் பிறகுதான் இறங்கினார். "கோவிச்சுக்காதீங்க. நீங்க எடுத்தீங்க, நான் பொழச்சேன், அதெல்லாம் மறக்க மாட்டேன். ஆனா நீங்க சொல்லி நான் நம்பறதில்ல, நானே பாத்துக்கறேன்" என்றார். கோபம் வரவில்லை. கொஞ்சம் வலித்தது.

நடுவில் ஒருமுறை சின்னதாக ஒன்று முளைத்திருந்தது. அதையும் திரையில் பார்த்தார். "பாசியாட்டம் இருக்கு. இதுக்குப் போயி எம்மவன் எங்கண்ணன் கல்லைக் குடுத்தானே" என்றார். எடுத்தோம். மறுபடி மருந்து விட்டோம். இப்போது சுத்தமாக இருக்கிறது. நாளைக்கும் இருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். கலியபெருமாள் அந்த டப்பாவை மூன்று முறை திருப்பிக் கேட்டுவிட்டார். தங்கை தரவில்லை.

நான் ஓய்வு பெறுவதற்கு முன் அவர் கடைசியாக வந்த திங்களன்று அவரிடம் சொன்னேன். இனி நான் இல்லை, எனக்குப் பதிலாகச் சின்ன டாக்டர்கள் பார்ப்பார்கள், நன்றாகப் படித்தவர்கள், புது மருந்து, புது மெஷின் எல்லாம் தெரிந்தவர்கள் என்று உங்களைப் பற்றி நீட்டி முழக்கினேன். ரோபோவைப் பற்றியும் சொன்னேன். அவர் துணிப்பையிலிருந்து முந்திரிப்பருப்புப் பொட்டலத்தை எடுத்து என் மேசையில் வைத்துவிட்டு, முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"அதெல்லாம் சரிங்க. அவங்க தலையாட்டுவாங்களா?"

நான் பொட்டலத்தைப் பிரித்து ஒரு பருப்பை வாயில் போட்டுக்கொண்டேன். உங்களை எனக்கு அவ்வளவு தூரம் தெரியாது.

வருகிற திங்கட்கிழமை வருகிறார். திரையை அவர் பக்கம் திருப்பி வையுங்கள்.